யாழ்ப்பாணக் கோட்டையை உடைத்தது யார்? எது பழைய மதில், எது புதிது?

காவிரிக்கரை (திருச்சி) கேட்டது:

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய் வந்தோம். நல்லூர், நயினாதீவு, கீரிமலை எல்லாம் பார்த்தாச்சு. ஊருக்கு வந்த பிறகும் மனதை விட்டுப் போகாதது கோட்டைதான்.

மதில் மேல் நடக்கும்போது சில இடத்தில் கல் கருத்து அரித்துப் போயிருக்கிறது. பத்தடி தள்ளி வெள்ளை வெளேரென்று நேற்று கட்டியதுபோல இருக்கிறது. உள்ளே பெரும்பாலும் வெறும் வெளி, புல், கற்குவியல். தேவாலயம் என்று காட்டிய இடத்தில் இடிந்த சுவர்தான் மிச்சம். ஆட்டோக்காரரைக் கேட்டேன். "சண்டையிலை உடைஞ்சது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இணையத்தில் தேடினால் ஒருவர் அரசாங்க விமானம் குண்டு போட்டு உடைத்தது என்கிறார், இன்னொருவர் புலிகள் இடித்தார்கள் என்கிறார். எது உண்மை? இப்போது நாம் பார்க்கிற மதிலில் ஒல்லாந்தர் கட்டியது எவ்வளவு? பத்தாவது படிக்கும் என் மகளுக்கு வேறொரு கேள்வி: கோட்டைக்கு ஏன் ஐந்து மூலை?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம், தயவுசெய்து.

---

கொட்டடியான் எழுதியது:

அரசியல் இல்லாமல் அந்தக் கோட்டையைப் பற்றிக் கதைக்க முடியாது ஐயா, அதைக் கட்டியதே அதற்காகத்தான். சண்டை இல்லாமல் கதைக்கலாம். நீங்கள் இணையத்தில் பார்த்த இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இரண்டு பேரும் தங்களுக்கு வசதியான இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

நான் கொட்டடியில் பிறந்தவன். வீட்டிலிருந்து கோட்டை நடந்து போகிற தூரம். நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்றேன், ஆகவே அரசர்களைவிடக் கோணங்களைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சந்தோசம். உங்கள் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் இருந்தது ஐந்து மூலை இல்லை, நாற்சதுரக் கோட்டை. 1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பு தெ ஒலிவேரா கட்டுவித்தது. ஆட்சியை நல்லூரிலிருந்து இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவனும், 1621-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவனும் அவன்தான். கோயில் கல் கோட்டைக்குப் போனது என்று ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். 1658-இல் ஒல்லாந்தர் வந்து மூன்று மாதத்துக்கு மேல் வளைத்துக்கொண்டு இருந்தார்கள். உள்ளே பட்டினி, நோய். யூன் மாதம் போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள்.

பிடித்த கோட்டை ஒல்லாந்தருக்குப் பிடிக்கவில்லை. சதுரத்தின் மூலை 90 பாகை. அந்த மூலையில் கொத்தளம், அதாவது பீரங்கி வைக்க வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற மேடை, வைத்தால் அதன் மூக்கு கூராகிவிடும், பீரங்கி அடித்தால் கூரான இடம்தான் முதலில் பெயரும். ஐங்கோணத்தில் மூலை 108 பாகை. கொத்தளம் அகலமாக நிற்கும், மேலே கூடுதல் பீரங்கி வைக்கலாம். ஒவ்வொரு மதிலின் முகத்தையும் அதன் இரண்டு பக்கக் கொத்தளங்களிலிருந்தும் நீளவாட்டில் சுடலாம். மதிலடியில் வந்து ஒட்டிக்கொண்டவனுக்கு ஒளிக்க இடமே கிடையாது. ஆறு மூலை வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் வியாபாரக் கம்பெனிக்காரர்கள் காசையும் பார்ப்பார்கள்தானே. ஐந்துக்கும் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயரை வைத்தார்கள்: ஒல்லாந்து, சீலாந்து, உத்ரெக்ட், கெல்டர்லாந்து, பிரீஸ்லாந்து. உள்கோட்டை 1680 அளவில் முடிந்தது, அந்த வருசம் வாசலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அகழிக்கு வெளியே உள்ள அரண் வேலைகள் 1792 வரை இழுபட்டன. மூன்றே வருசத்தில், 1795-இல், ஆங்கிலேயர் வந்து கேட்டார்கள், சண்டை இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு கணக்குப் பார்த்துக் கட்டிய கோட்டை கட்டியவர்களுக்காக ஒரு நாளும் சண்டை பிடிக்கவில்லை. பிடித்ததெல்லாம் எங்கள் காலத்தில்தான்.

நான் சின்னவனாக இருந்தபோது உள்ளே போகலாம். இராசா மாளிகை என்று ஒரு பெரிய கட்டடம். ஒரு பக்கம் மறியல்சாலை, உங்கள் பக்கத்தில் சிறைச்சாலை என்பீர்கள். 1971-இல் ஆயுதக் கிளர்ச்சி செய்த ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரி இயக்கத்தின் தலைவர் ரோகண விஜேவீரவை அடைத்து வைத்திருந்தது அங்கேதான், அவரை மீட்க ஜே.வி.பி.க்காரர் யாழ்ப்பாணம் வரை வந்து தோற்றுப் போனார்கள். எல்லாவற்றையும்விட வடிவானது தேவாலயம். 1706-இல் கட்டியது, நான்கு கையும் ஒரே அளவான சிலுவை வடிவம், கூரை உயரம், சுவர் அகலத்தில் ஒரு ஆள் படுக்கலாம். தரை முழுக்க ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள். கப்பல், மண்டையோடு, குடும்பச் சின்னம் எல்லாம் செதுக்கியிருக்கும், அதன்மேல் நடக்க எனக்குக் கால் கூசும். போர்த்துக்கேயர் காலத்து மணி ஒன்றும் இருந்தது, 1648 என்று எழுதியது. ஒல்லாந்தர் கோயிலை இடித்தாலும் மணியை விடமாட்டார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. 1985-க்குப் பிறகு கோட்டை ஆமி முகாம்தான். நகரம் தமிழ் ஆயுத இயக்கங்களின் கையில், கோட்டை ஆமியின் கையில், நடுவில் முற்றவெளி என்ற திறந்த மைதானம். ஆஸ்பத்திரி, பெரியகடை, பஸ் நிலையம் எல்லாம் கோட்டையிலிருந்து ஷெல் வந்து விழுகிற தூரத்தில் இருந்தன. 1987-இல் இந்தியப் படை வந்தது, 1990 மார்ச்சில் போனது. அந்த யூனில் சண்டை திரும்பவும் தொடங்கியதும் புலிகள் கோட்டையை வளைத்தார்கள். உள்ளே ஆமியும் பொலிசுமாக இருநூறு பேர் அளவில். கொட்டடி, பண்ணைப் பக்கச் சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டது. நாங்கள் கோண்டாவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம். அங்கே பங்கருக்குள் இருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவோம்: இது பொம்மர், இது ஹெலி, இது சகடை. சகடை என்றால் மெதுவாக உருட்டிக்கொண்டு வருகிற விமானம், பீப்பாய்க் குண்டு தள்ளுவது. உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடும் வானத்திலிருந்துதான் போனது.

இங்கே படவரைஞன் மூளையோடு ஒன்று சொல்கிறேன். ஒல்லாந்தர் போட்ட கணக்கு முன்னாலிருந்து நேராக வருகிற குண்டுக்கு. மோட்டார் ஷெல் மேலே போய்ச் செங்குத்தாக விழும், விமானக் குண்டும் அப்படித்தான். அதனால் அந்த மூன்றரை மாதத்தில் தடித்த மண் நிரப்பிய மதில் பெரும்பாலும் தாக்குப் பிடித்தது. உள்ளிருந்த கூரைக் கட்டடங்கள்தான் போயின. தேவாலயமும் இராசா மாளிகையும் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றவை, எந்தப் பக்கத்து அடியும் அவற்றில் படும். செப்ரெம்பர் நடுவில் எதிரே உள்ள மண்டைதீவு என்ற தீவிலிருந்து ஆமி படகில் கடல்நீரேரியைக் கடந்து கோட்டைக்குள் வந்தது. சேர்ந்தார்களே தவிர நிலைக்க முடியவில்லை. செப்ரெம்பர் 26-இல் எல்லோரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1658-ஐப் போலவேதான், மூன்று மாதத்துக்கு மேல் வளைப்பு, மதில் உடையாமலே கோட்டை கைமாறியது.

இனித்தான் பலர் விட்டுவிடுகிற பகுதி. கோட்டை இருந்தால் ஆமி திரும்ப வந்து குந்தும் என்று புலிகள் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். அலவாங்கு, பிக்கான், வெடிமருந்து. கல் பங்கர் கட்டப் போனது. சனமும் எடுத்தது. அப்போது பொருளாதாரத் தடை, சீமெந்து யாழ்ப்பாணத்துக்கு வராது. வீட்டுக்கொரு பங்கர் வேண்டிய காலத்தில் கல் சும்மா கிடந்தால் யார் விடுவார்கள்? நான் யாரையும் குறை சொல்லவில்லை. சைக்கிள் கரியரில் ஒரு கல்லைக் கட்டி உருட்டிக்கொண்டு போன மனிசரை என் கண்ணால் கண்டேன்.

1995 டிசம்பரில் ஆமி திரும்ப வந்து கோட்டையில் கொடி ஏற்றியது. ஏற்றிய இடம் பாதி மண்மேடு. அதையும் முகாமாக்கி 2009-க்குப் பிறகுவரை இருந்தார்கள்.

ஆகவே: கட்டடங்களை முறித்தது பெரும்பாலும் 1990 கோடையில் இரு பக்கத்துக் குண்டும் ஷெல்லும். மதிலை இறக்கியது அதற்குப் பிறகு மனிதக் கை.

---

வடலி (டொரொண்டோ) எழுதியது:

கொட்டடி அண்ணை, வாசித்தேன், நன்றி. ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. நல்லூர்க் கோயிலை இடித்தவன் தொடங்கிய கோட்டை, அடுத்த வெள்ளைக்காரன் பெருப்பித்த கோட்டை, பிறகு எங்கள் தலையில் ஷெல் அடித்த கோட்டை. அதைத் திரும்பக் கட்ட நெதர்லாந்து காசு கொடுக்கிறது, நாங்கள் போய் மதிலில் நின்று படம் எடுக்கிறோம். எதற்கு? எங்கள் அம்மாவின் வீடு குருநகரில் கூரை இல்லாமல் கிடந்தது, அதற்கு ஒருவரும் நிதி தரவில்லை. அப்படியே விட்டிருந்தால் மரம் முளைத்திருக்கும்.

---

முருகைக்கல் எழுதியது:

வணக்கம். நான் அந்தத் திருத்த வேலையில் மேசனாக நின்றவன். தொல்லியல் திணைக்களம் 2010-இல் தொடங்கிய வேலை, நெதர்லாந்து அரசின் உதவி. வடலி அண்ணா கேட்டதற்கு எனக்குப் பெரிய பதில் தெரியாது. எங்கள் ஊர்ப் பெடியள் பலருக்கு அது முதல் சம்பளம். அது போதும் எனக்கு.

காவிரிக்கரை அண்ணா, பழசு புதுசு பிரிக்கக் கல்லைத் தடவிப் பாருங்கள். கோட்டை பெரும்பாலும் முருகைக்கல், கடலில் வளர்கிற பவளப்பாறை. வெட்டின முகத்தில் பூப்போல, நட்சத்திரம்போல கண்கள் தெரியும். சிலதில் மூளை மடிப்புப்போல வளைந்து வளைந்து போகும். பாரம் குறைவு, வாளாலேயே அறுக்கலாம், காற்றில் கிடந்தால் இறுகும். நூறு வருச மழையில் அந்தக் கண்கள் அரித்துக் குழியாகிக் கருத்துவிடும். அதுதான் நீங்கள் கண்ட கருங்கல் மாதிரி இடம். உண்மையில் அது கருங்கல் இல்லை, வெள்ளைக் கல்லில் பாசி.

புதிதாக முருகைக்கல் எடுக்க முடியாது, கடலில் பாறை உடைப்பது சட்டப்படி தடை. அதனால் முதல் வேலையே கல் பொறுக்குவதுதான். இடிந்த குவியலைக் கிளறி, மண் தட்டி, நல்லது, பாதி, தூள் என்று பிரிப்போம். அகழிக்குள்ளும் கிடந்தது. அந்தக் கல்லின் பழைய முகத்தைத் தட்டிச் சரி பண்ணி வைக்கும்போது உள்வெள்ளை வெளியே வரும். ஆகவே அண்ணா "நேற்று கட்டினது" என்று நினைத்த இடத்திலும் கல் பழசாக இருக்கலாம், வைத்த கைதான் புதுசு. கல்லைப் பார்த்து ஏமாறாமல் சாந்தைப் பாருங்கள். பழைய சாந்தில் சிப்பித் துண்டு, கரித்துகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், விரலால் சுரண்டினால் வராது. புதியது ஒரே நிறம், இடைவெளியும் ஒழுங்கு. ஒல்லாந்தர் மேசன்மாருக்கு ஒழுங்கு பற்றிக் கவலை இல்லை. அவர்கள் என்ன, எங்கள் ஆக்கள்தானே கட்டியிருப்பார்கள்.

சீமெந்துக்குப் பதில் சுண்ணாம்பு ஏன் என்று எங்களையும் கேட்பார்கள். கடற்கரையில் மதில் உப்பும் ஈரமும் உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து என்றால் அந்த ஈரம் சாந்து வழியே வெளியேறும். சீமெந்து போட்டால் வழி அடைபட்டு, உப்பு கல்லுக்குள்ளேயே பூத்து, கல் மாவாக உதிரும். இதை மேலதிகாரி ஒருவர் சொல்லித் தந்தார் என்று நினைக்காதீர்கள், என் அப்பப்பா குடிதண்ணிக் கிணறு கட்டும்போதே சொல்லுவார்.

---

அகழாய்வு_மாணவி எழுதியது:

கோட்டை ஒலிவேராவோடு தொடங்குகிறது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அந்த இடம் அப்படித் தொடங்கவில்லை. போர் முடிந்த பிறகு யாழ். பல்கலைக்கழகப் பேராசிரியர் பரமு புஷ்பரட்ணமும், பிறகு இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் உள்ளே குழி இறக்கினார்கள். ஐரோப்பியர் கால அடுக்குக்குக் கீழே சீனப் பீங்கான், அரபு நாட்டு மெருகிட்ட மட்பாண்டத் துண்டு, இன்னும் கீழே ரௌலட்டட் மட்பாண்டம், அதாவது உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளிக்கோலம் பதித்த மெல்லிய பாத்திரம். காவிரிக்கரை அண்ணா, உங்கள் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த அதே வகை, ஏறக்குறைய 2000 வருசப் பழசு. அதற்கு முன்பே, 1970-களின் தொடக்கத்தில், கோட்டையிலிருந்து வந்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பேராசிரியர் கா. இந்திரபாலா வெளியிட்டிருக்கிறார். ஏதோ ஒரு கோயிலிலோ கட்டடத்திலோ இருந்த கல், மதிலுக்குப் போயிருக்கிறது.

வடலி அண்ணாவுக்கு: மரம் முளைக்க விட்டிருந்தால் வேர் இந்த அடுக்குகளைக் கலக்கியிருக்கும். பங்கர் வெட்டியே ஏற்கெனவே கலங்கிக் கிடந்தது.

---

காவிரிக்கரை எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. மகள் 108 பாகையை நோட்டில் வரைந்து பார்த்துவிட்டு, "அப்போ தேவாலயத்தையும் அதே கல்லை வைத்துத் திரும்பக் கட்டலாமே?" என்கிறாள். கட்டுவார்களா? இன்னொன்று, வாசல் பக்கம் நான் படித்த தகவல்களில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர், அப்புறம் புனரமைப்பு என்று வந்தது. 1990 பற்றி எதுவும் கண்ணில் படவில்லையே?

---

கொட்டடியான் எழுதியது:

வடலி தம்பிக்கு முதலில். உன் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வீடுகளுக்கு முதல் காசு வந்திருக்க வேணும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் "அவன் கட்டிய கோட்டை" என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. மேசன் தம்பி சொன்னதுபோல, கல் எங்கள் கடல் கல், தூக்கியது எங்கள் ஆக்கள், ஒல்லாந்தர் காலத்து ஊழியம் என்றால் சம்பளமில்லாக் கட்டாய வேலை. கல்லை அவனுக்கு எழுதிக்கொடுத்தால் அந்த ஆட்களையும் சேர்த்தல்லவா எழுதிக்கொடுக்கிறோம்? பிறகு, தெருவுக்கு அந்தப் பக்கம் பார். 1981-இல் எரித்த நூலகத்தைத் திரும்ப வெள்ளையடித்து நிமிர்த்திவிட்டார்கள், எரிந்ததற்கு உள்ளே அடையாளம் தேட வேண்டியிருக்கிறது. கோட்டையும் அதே வழியில் போகிறது. எனக்கு அதுதான் கோபம், திருத்தியது அல்ல.

மகளுக்கு: பிள்ளை, கட்டலாம். கல் எண்ணி வைத்தால் மேசன் தம்பி மாதிரி ஆட்கள் கட்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் கட்ட வேண்டாம் என்பேன். மதிலைத் திருத்தியது சரி, விடப் போனால் மிச்சமும் சரிந்து அகழிக்குள் போயிருக்கும். தேவாலயம் அப்படியல்ல. 1706-இல் கட்டினார்கள், 1990-இல் போயிற்று, இரண்டு வருசமும் அந்தச் சுவரில் இருக்கின்றன. திரும்பக் கட்டினால் ஒன்றுதான் மிஞ்சும். இப்போது நிற்கிற துண்டுச் சுவரைச் சாயாமல் முட்டுக் கொடுத்து, பக்கத்தில் யூன் முதல் செப்ரெம்பர் வரை என்ன நடந்தது, பிறகு மதிலை யார் இறக்கியது, கல் எங்கே போனது என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்தால் போதும். ஒருவரையும் வையத் தேவையில்லை, திகதி போட்டாலே காணும். எனக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு பலகை எழுதினால் அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆள் கோபிப்பார், கோபிக்கிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருக்கிறார்கள்.

திரும்ப வந்தால் ஐந்து மணிக்குப் போங்கள், மத்தியானத்தில் மதில் மேல் நிற்க முடியாது, ஒரு மர நிழல் கிடையாது. வாசல் சுரங்கத்துக்குள் நுழையும்போதே மேலே வளைவைப் பாருங்கள், பழைய வேலை. பிறகு கடல் பக்கக் கொத்தளத்தில் ஏறினால் பண்ணைப் பாலமும் மண்டைதீவும் தெரியும். 1990-இல் படகு வந்த தூரம் எவ்வளவு குறைவு என்று அங்கே நின்றால்தான் விளங்கும். வெளியே வந்து முற்றவெளியில் முனியப்பர் கோயிலைத் தவறவிடாதீர்கள். இவ்வளவு அடிக்குள்ளும் ஊர்ச்சனம் அவரை விடவில்லை, இப்போதும் புது வாகனம் வாங்கினால் முதலில் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். வரமுதல் இங்கே ஒரு வரி போடுங்கள், எனக்கு முழங்கால் சரியாக இருந்தால் நானும் வருகிறேன். மேசன் தம்பி, நீரும் வாரும், அந்தச் சாந்தை எனக்கும் ஒருக்கால் காட்டும்.